தனியாகப் பேசி விளையாடும் பிள்ளையின் அருகில் இருப்பது எப்படி

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குப் பின்னால், கொய்யா மரத்தடியில் நான்கு வயதுப் பெண் பிள்ளை ஒன்று குந்தியிருக்கிறது. அதன் முன்னால் மூன்று கல், ஒரு சிரட்டை, பால்மா டின்னின் மூடி, கிள்ளிப் போட்ட கொய்யா இலை. பக்கத்தில் யாரும் இல்லை. ஆனாலும் பிள்ளை ஓயாமல் பேசுகிறது: “மொதல்ல அடுப்பு. அடுப்பு பத்தல. ஊது... பூ... பூ... ஆ, பத்திருச்சு. இப்ப தண்ணி. இல்ல இல்ல, தண்ணி கொதிச்சாத்தான் தேயில. பாப்பா அழுவாத, அம்மா மலையில இருந்து வந்துட்டேன்ல. தேத்தண்ணி குடிச்சிட்டு மூஞ்சி கழுவணும், சரியா? சரிம்மா.” அந்தக் கடைசிச் ‘சரிம்மா’ மட்டும் மெல்லிய குரலில் வருகிறது. அது பாப்பாவின் குரல்.

வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் இருந்து இதைக் கேட்கும் அப்பாயிக்கு மனம் கலங்குகிறது. இலங்கை மலையகத் தோட்டமொன்றில் முன்பள்ளி நடத்திய வருடங்களில் பெற்றோர் என்னிடம் மிக அதிகமாகக் கேட்ட கேள்விகளில் இதுவும் ஒன்று: “டீச்சர், புள்ள தனியாவே பேசுது, காத்துக் கருப்பு ஏதும் பட்டிருச்சா?” மந்திரித்துத் தாயத்துக் கட்டிய பிறகு வந்தவர்களும் உண்டு. அவர்கள் எல்லாருக்கும் நான் சொன்ன விடை ஒன்றுதான். பிள்ளைக்கு ஒன்றும் பட்டுவிடவில்லை. அது யோசித்துக்கொண்டிருக்கிறது; அந்த வயதில் யோசனை வாய் வழியாகத்தான் நடக்கும். விபூதி பூச விரும்பினால் பூசிக்கொள்ளுங்கள், ஆனால் பேசியதற்காகத்தான் பூசுகிறோம் என்று பிள்ளைக்குத் தெரியும்படி பூசாதீர்கள். தான் பேசுவதே பயப்பட வேண்டிய காரியம் என்று பிள்ளை எண்ணிக்கொண்டால் வாயை மூடிக்கொள்ளும், அதோடு விளையாட்டும் குறைந்துவிடும்.

இந்தக் குறிப்பைப் பெற்றோருக்கும், பகலில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அப்பாயி, அம்மாயிமாருக்கும், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் வேலை செய்யும் சகோதரிகளுக்கும் எழுதுகிறேன். முதலில் இந்தப் பேச்சு எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது விளங்காமல் பின்னால் சொல்லும் எந்த முறையும் கையில் நிற்காது.

பேச்சு எங்கிருந்து எங்கே போகிறது

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜீன் பியாஜே, ஜெனீவாவில் சிறுபிள்ளைகளின் பேச்சைச் சொல்லுக்குச் சொல் எழுதியெடுத்து 1923 ஆம் ஆண்டு வெளியிட்டார். பக்கத்தில் பக்கத்தில் இருந்து விளையாடும் பிள்ளைகள், ஒருவருக்கொருவர் பேசுவதுபோலத் தோன்றினாலும், பல வேளைகளில் அவரவர் தமக்கே பேசிக்கொள்கிறார்கள் என்பதை அவர் கண்டார். மடுவத்தில் பாயில் இருக்கும் மூன்று பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் கேட்டால் இது உங்களுக்கும் தெரியும்: ஒன்று வண்டி ஓட்டும், ஒன்று சோறாக்கும், ஒன்று நாய்க்குட்டியை அதட்டும், மூன்றும் பேசும், ஒன்றும் மற்றதன் பதிலுக்குக் காத்திருக்காது. மற்றவர் எப்படி எண்ணுவார் என்பதை அறியாத வயதின் அடையாளம் இது என்றும், பிள்ளை மற்றவர்களோடு கலந்து பழகப் பழக இது தேய்ந்து மறையும் என்றும் பியாஜே கருதினார்.

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகொட்ஸ்கி இதை ஏற்கவில்லை. காசநோயால் 37 வயதில், 1934 ஆம் ஆண்டு, இறந்துபோன அவர் அதற்குள் செய்து வைத்த வேலை இன்று வரை பிள்ளை வளர்ப்பவர்களுக்குப் பயன்படுகிறது. இந்தப் பேச்சு மறைவதில்லை, உள்ளே போகிறது என்பது அவருடைய முடிவு. முதலில் பெரியவர்கள் பிள்ளையோடு பேசுகிறார்கள். பிறகு பிள்ளை அதே பேச்சைத் தன்னோடு, வாய்விட்டுப் பேசுகிறது. பிறகு அது முணுமுணுப்பாகி, உதட்டசைவாகி, கடைசியில் நாம் எல்லாரும் மனத்துக்குள் பேசிக்கொள்ளும் பேச்சாகிறது. பிள்ளைகள் படம் வரையும் வேளையில் பென்சிலையோ தாளையோ இல்லாமற் செய்து, அந்த இடைஞ்சலில் தனிப்பேச்சு ஏறக்குறைய இரண்டு மடங்காவதை அவர் கண்டார். அவர் எழுதிவைத்த ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தது. ஐந்தரை வயதுப் பிள்ளை டிராம் வண்டி ஒன்றை வரைந்துகொண்டிருந்தது. சக்கரம் வரையும்போது பென்சில் ஒடிந்தது. “ஒடஞ்சிருச்சு” என்று தனக்குத் தானே மெதுவாகச் சொல்லிக்கொண்ட பிள்ளை, பென்சிலை வைத்துவிட்டு வர்ணத்தை எடுத்து, விபத்தில் உடைந்துபோன டிராம் ஒன்றை வரையத் தொடங்கியது. தனக்கென்று முணுமுணுத்த ஒரு சொல் அடுத்த வேலைக்குத் திட்டமாகிவிட்டது.

சோறாக்கி விளையாடும்போதும் கடை வைத்து விளையாடும்போதும் இந்தப் பேச்சு ஏன் இவ்வளவு அதிகமாக வருகிறது என்பதற்கும் விடை உண்டு. அமெரிக்காவில் இரண்டு முன்பள்ளிகளைப் பார்த்த கிராஃப்ட், பெர்க் என்ற ஆய்வாளர்கள், பாவனை விளையாட்டிலும், இப்படித்தான் முடிய வேண்டும் என்ற கட்டு இல்லாத வேலைகளிலும் பிள்ளைகள் தனக்குத் தானே கூடுதலாகப் பேசுகிறார்கள் என்று 1998 ஆம் ஆண்டு எழுதினார்கள். யோசித்தால் விளங்கும். துண்டுகளைப் பொருத்தும் விளையாட்டில் அடுத்தது என்ன என்பதைத் துண்டே சொல்லிவிடும். கொய்யா மரத்தடி அடுப்பு எதையும் சொல்லாது. கல்லை அடுப்பென்றும் இலையைத் தேயிலையென்றும் பெயர் சொல்லிச் சொல்லித்தான் பிள்ளை அந்த உலகத்தைக் கலையாமல் பிடித்துவைக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு, இரண்டரை வயதில் தொடங்கும் இந்தப் பேச்சு, மூன்று முதல் ஐந்து அல்லது ஆறு வயது வரை தாராளமாக இருக்கும். ஆறு, ஏழு வயதில் தணியும். கணக்குப் பிழைத்தாலோ ஊசியில் நூல் கோக்க முடியாமற் போனாலோ பெரியவர்களின் வாயிலும் அது திரும்ப வருவதை நீங்கள் உங்களிடமே பார்த்திருப்பீர்கள்.

முதல் வேலை, கேட்பது

ஒரு பழைய கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கிழமைக்கு இரண்டு தரம், பத்து நிமிடம் போதும். பிள்ளைக்கு எதிரே போய் உட்கார வேண்டாம்; கீரை ஆய்வது, அரிசி புடைப்பது போன்ற கைவேலை ஒன்றை வைத்துக்கொண்டு, பக்கவாட்டில், முகத்தை உற்றுப் பார்க்காமல் இருங்கள். லயத்து வீட்டில் இது கஷ்டமல்ல. ஓர் அறைக்கும் இஸ்தோப்புக்கும் நடுவே எல்லாரும் எல்லாருக்கும் கேட்கும் தூரத்தில்தான் இருக்கிறோம். பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். ‘பிள்ளை தேநீர் தயாரித்தாள்’ என்று திருத்தி எழுதினால் எல்லாம் போய்விடும். “அடுப்பு பத்தல, ஊது” என்பதுதான் வேண்டும். அந்தச் சொல்லைச் சொன்னபோது கை என்ன செய்தது என்பதையும் ஓரத்தில் குறித்து, திகதி போடுங்கள்.

இரண்டு மூன்று மாதம் எழுதினால் ஒரு மாற்றம் கண்ணில் படும். சின்னப் பிள்ளை முதலில் செய்துவிட்டுப் பிறகு சொல்லும்: மண்ணைக் குவித்துவிட்டு, “இது வீடு” என்னும். கொஞ்சம் வளர்ந்ததும் செய்துகொண்டே சொல்லும். பிறகு ஒருநாள், கை மண்ணைத் தொடும் முன்பே, “இப்ப நான் கோயில் கட்டப் போறேன், மணிக்கு மூடி வேணும்” என்று சொல்லிவிட்டு மூடியைத் தேடிப் போகும். பெயர் வேலைக்குப் பின்னால் வந்த காலம் போய், வேலைக்கு முன்னால் வரும் காலம் பிறந்துவிட்டது. பிள்ளை திட்டமிடக் கற்றுக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. பிள்ளை படம் வரையும்போதும் பெயர் சொல்லும் நேரம் இப்படியே முன்னுக்கு நகரும்.

கொய்யா மரத்தடிப் பேச்சை இந்தக் கண்ணோடு திரும்பப் பாருங்கள். ‘மொதல்ல அடுப்பு’ என்பது ஒழுங்கு. ‘இல்ல இல்ல’ என்பது தன் பிழையைத் தானே கண்டு திருத்துவது. ‘பாப்பா அழுவாத’ என்பது, அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன பகல் முழுவதும் தான் அடக்கிவைத்த அழுகையைத் தானே தேற்றுவது. இரண்டு குரலில் பேசுவது, ஒரே காரியத்தை இரண்டு பேரின் இடத்தில் நின்று பார்ப்பது. நான்கு வயதுப் பிள்ளைக்கு இது பெரிய வேலை.

எந்த மொழியில் பேசுகிறது என்பதையும் கவனியுங்கள். நம் பிள்ளைகள் அம்மாவாக இருக்கும்போது தமிழில் பேசுகிறார்கள், டவுன் கடையில் சாமான் வாங்குபவராக இருக்கும்போது “கீயத?” என்று சிங்களத்தில் விலை கேட்கிறார்கள், டீச்சராக மாறியதும் “சிட் டவுன்” வந்துவிடுகிறது. இதைக் குழப்பம் என்று எண்ணித் திருத்த வேண்டாம். எந்த ஆள் எங்கே எப்படிப் பேசுவார் என்பதைப் பிள்ளை அறிந்து வைத்திருக்கிறது.

செய்யக் கூடாதவை

நான் செய்த பிழையில் இருந்தே தொடங்குகிறேன். முன்பள்ளி தொடங்கிய முதல் வருடத்தில் ஒரு பையன், சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு தினமும் பஸ் ஓட்டுவான். டிரைவரும் அவன்தான், முன்னுக்குப் போங்க என்று சிங்களத்தில் சத்தம் போடும் கொண்டக்டரும் அவன்தான். “ஹட்டன், ஹட்டன், ஹட்டன்... இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன... ஆச்சி, கூடைய உள்ளுக்கு வைங்க... மிச்சக் காசு எறங்கும்போது தாரேன்.” அன்பினால்தான் செய்தேன்: உதவி ஆசிரியையைக் கைகாட்டி அழைத்தேன், இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவன் திரும்பிப் பார்த்தான். தட்டை மெதுவாகக் கீழே வைத்தான். அதன் பிறகு இரண்டு கிழமை, நான் காது கேட்கும் தூரத்தில் இருந்தால் அவன் பஸ் ஓட்டவில்லை. ஒரு நாள் தட்டை எடுத்தான். ஆனால் வாய் திறக்கவில்லை. பஸ்ஸும் இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது.

ஆகவே சிரிக்காதீர்கள், ஆள் கூப்பிட்டுக் காட்டாதீர்கள், கைப்பேசியை நீட்டி வீடியோ எடுக்காதீர்கள். “யாரோட பேசுற?” என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்குப் பிள்ளையிடம் பதில் கிடையாது, ஆனால் தான் ஏதோ பிழை செய்கிறோம் என்ற எண்ணம் மட்டும் தங்கிவிடும். விளையாட்டின் நடுவே “அடுப்பு எத்தனை கல்லு? எண்ணு பாப்போம்” என்று பாடம் நடத்துவதும் அதே கேட்டைத்தான் செய்கிறது. பிள்ளை உங்களோடு பேசவில்லை என்பதை ஏற்றுக்கொள்வதுதான் இதில் பெரியவர்களுக்குக் கடினமான பகுதி என்று நினைக்கிறேன். கேட்காதது போல் இருப்பதும் பிள்ளைக்குக் கொடுக்கும் மரியாதை.

இடைஞ்சல் வரும்போது உடனே எழும்பி ஓடாதீர்கள். கல் சரிகிறது, சிரட்டை கவிழ்கிறது, பிள்ளை “ஐயோ” என்கிறது. மனதுக்குள் பத்து எண்ணுங்கள். தனிப்பேச்சு மிக அடர்த்தியாக வருவது இந்த இடத்தில்தான்: “விழுந்திருச்சு... பெரிய கல்லு கீழ... இப்பிடி...” என்று அது தானே வழி தேடும். பத்து எண்ணிய பிறகும் பிள்ளை திணறினால், கல்லை எடுத்து வைத்துக் கொடுக்காமல், “அந்தக் கல்லு ஆடுதே” என்று கண்டதை மட்டும் சொல்லுங்கள். மீதியைப் பிள்ளை சொல்லிக்கொள்ளும்.

பிள்ளை உங்களை அழைத்தால் கதை வேறு. சிரட்டையை நீட்டி “இந்தாங்க தேத்தண்ணி” என்றால், வாங்கி, ஊதி, உறிஞ்சுங்கள். “சீனி கொஞ்சம் பத்தல” என்று சொல்லுங்கள். பிள்ளை போட்டுத் தரும். வந்த விருந்தாளியாகவே இருந்து, தேத்தண்ணி முடிந்ததும் எழும்பிவிடுங்கள். வீட்டுக்காரி அவள்தான்.

இடமும் நேரமும் சாமானும்

ஹட்டன், மஸ்கெலியா பக்கத்து மேற்குச் சரிவில் மே தொடங்கிச் செப்டெம்பர் வரை மழையும் பனியும் பிள்ளைகளை உள்ளே அடைத்துவிடும். பதுளை, அப்புத்தளைப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் அதே நிலை. ஓர் அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் பிள்ளைக்குத் தனி இடம் எங்கே என்று கேட்பீர்கள். பெரிய இடம் வேண்டியதில்லை. கட்டிலின் அடி, விறகு அடுக்கிய மூலை, இரண்டு கதிரைக்கு மேல் விரித்த பழைய கம்பளி, இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். பிள்ளை உள்ளே போய்விட்டால் அது அதன் வீடு. கூட்டுவதற்கு என்று அரைமணி நேரம் யாரும் அதைக் கலைக்கக் கூடாது என்பதைப் பெரிய பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். அந்த அரைமணி நேரம் தொலைக்காட்சி நிற்கட்டும். பின்னணியில் ஓடும் குரல்களுக்கு மேலே தன் மெல்லிய குரலைப் பிள்ளையால் ஏற்ற முடியாது.

சாமான் வாங்கத் தேவையில்லை. சிரட்டை, பிரம்புக் கூடையின் உடைந்த அடிப்பாகம், சவர்க்காரப் பெட்டி, துணிக் கந்தல், அட்டைப் பெட்டி, படங்குச் சாக்கில் ஒரு துண்டு, ஆற்றுக்கல், நெருப்புப்பெட்டிக் கூடு ஆகியவை போதும். எதுவாகவும் மாறக்கூடிய பொருள்தான் நல்லது. ஒலியெழுப்பும் பிளாஸ்டிக் கார் காராக மட்டும் இருக்கும். சவர்க்காரப் பெட்டி காராகவும் போனாகவும் பாப்பாவின் கட்டிலாகவும் இருக்கும், ஒவ்வொரு தரமும் அதற்கு ஒரு பேச்சு வேண்டியிருக்கும். ஆனால் ஒன்றை மிகக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: தேயிலைக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் அடித்த மருந்தின் வெற்றுப் போத்தலோ, டின்னோ, அதன் மூடியோ, எவ்வளவு கழுவியிருந்தாலும் பிள்ளையின் கைக்குப் போகக் கூடாது. உரச்சாக்கும் அப்படியே. பட்டன் பற்றரியும் மெல்லிய பொலித்தீன் பையும் வேண்டாம்.

மடுவத்தில் இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்குமா என்று சகோதரிகள் கேட்பார்கள். பாட்டும் கைதட்டலும் வரிசையும் இல்லாத முக்கால் மணி நேரம் ஒன்றைக் காலையில் ஒதுக்குங்கள். பாயை நான்கு மூலைக்குப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு மூலையிலும் வெவ்வேறு சாமானைக் கொட்டி வையுங்கள். சத்தம் இருக்கும். சண்டையும் அழுகையும் இல்லாத சத்தம் என்றால் அதை அடக்க வேண்டாம். மாசி, பங்குனியில் காமன் கூத்து நடந்த பிறகு, மடுவத்தில் பல நாட்கள் டின்னில் தப்பு முழங்கும். ரதியும் மன்மதனும் பாயைச் சுற்றி வருவார்கள். ஒரே பிள்ளை இரண்டு பேருக்குமாகப் பேசி ஆடும். அந்த நாட்களில் வேறு எந்த நிகழ்ச்சியும் தேவைப்படாது.

நம் பேச்சு

இந்தக் குறிப்பில் நான் மிக அதிகமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான். பிள்ளை தனக்குத் தானே பேசும் பேச்சு நம்மிடம் கடன் வாங்கிய பேச்சு. பாப்பாவைத் தேற்றிய “அம்மா வந்துட்டேன்ல” என்ற சொல்லை யாரோ ஒருவர், மடுவத்து வாசலில், ஒருநாள் அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார். நாம் எப்படிப் பேசுகிறோமோ அந்தக் குரல்தான் முதலில் பிள்ளையின் வாயில், பின்னர் அதன் மனதில் இருந்து அதற்கு வழிகாட்டும்.

மலையில் நின்று களைத்து வந்த தாய்க்கு இன்னொரு வேலையைச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆகையால் புதிய நேரம் எதுவும் தேவைப்படாத ஒன்றைச் சொல்கிறேன். அடுப்பு மூட்டும்போது, தலை வாரும்போது, தண்ணீர்ப் பீலியில் துணி அலசும்போது, உங்கள் யோசனையை வாய்விட்டுச் சொல்லுங்கள்: “உப்புப் போட்டேனா? இல்ல, இன்னும் போடல. மொதல்ல பருப்பு வேகட்டும். ஐயையோ, தண்ணி கூடிருச்சு. சரி, மூடியத் திறந்து வைப்போம், வத்திரும்.” பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு இதில் பருப்புச் சமையல் மட்டும் கிடைப்பதில்லை. பிழை வந்தால் என்ன செய்வது என்பதும் கிடைக்கிறது. இரண்டு நாள் கழித்து மண்சோற்றில் தண்ணீர் கூடும்போது, “சரி, வத்திரும்” என்று அது தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்ளும்.

இதன் மறுபக்கமும் உண்டு. பிள்ளை பொம்மையைக் குப்புறப் போட்டு அடித்து, “மூதேவி, வாய மூடு, ஒன்னால ஒன்னும் ஏலாது” என்று ஏசுவதை நீங்கள் கேட்க நேரலாம். அதற்காகப் பிள்ளையை ஏசாதீர்கள். அடித்துத் திருத்தவும் முயலாதீர்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் வீட்டில் உள்ளவர்கள் அமைதியாக யோசித்துப் பாருங்கள். “ஒன்னால ஏலாது” என்று பொம்மையிடம் சொன்ன பிள்ளை, இரண்டு வருடத்துக்குப் பிறகு கழித்தல் கணக்கில் தடுமாறும்போது அதே சொல்லைத் தனக்குச் சொல்லிக்கொண்டு பென்சிலை வைத்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அன்று மாலை நீங்கள் அதே பொம்மையை எடுத்து மடியில் வைத்து, “விழுந்துட்டியா? வா, இன்னொரு தரம் பாப்போம்” என்று சொல்லுங்கள். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

ஏக்கமும் பயமும் விளையாட்டில் வரும்போது

தாய் வெளிநாட்டில் வேலைக்குப் போயிருக்கும் வீட்டுப் பிள்ளைகள் சிலர் மணிக்கணக்காகப் போன் பேசி விளையாடுவார்கள். சவர்க்காரப் பெட்டியைக் காதில் வைத்துக்கொண்டு, “அம்மா, சாப்பிட்டீங்களா?... ம்... ம்... இங்க மழ... காசு போட்டீங்களா?... தம்பி அழுவுறான்... ம்... சரி வச்சிர்றேன்” என்று பேசும்போது, அந்த ‘ம்’ போடும் இடைவெளிகளில் அம்மாவின் பதிலுக்குச் சரியான நேரம் விட்டுப் பேசுவதைக் கேட்டால் யாருக்கும் நெஞ்சு அடைக்கும். அடைத்தாலும் வாங்கி வைத்துவிடாதீர்கள். “அம்மா இதுல பேச மாட்டாங்க” என்று சொல்லாதீர்கள். அது பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். உண்மையில் அழைப்பு வரும் நாளில், பெட்டியில் பேசியதை நினைவூட்டி, “தம்பி அழுததச் சொல்லணும்னு இருந்தியே” என்று எடுத்துக் கொடுங்கள். ஒத்திகை பார்த்த பேச்சு அன்று அம்மாவிடம் போய்ச் சேரட்டும்.

மண்சரிவு இன்னொன்று. பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி மலை சரிந்து லயங்களை மூடியதற்குப் பிறகு, அடைமழை என்றாலே பெரியவர்களின் பேச்சு மலையின் மேல்தான் இருக்கிறது. பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டு படுக்கிறார்கள். அடுத்த நாள் மண்ணைக் குவித்து, மேலே தண்ணீர் ஊற்றி, “ஓடுங்க, ஓடுங்க, லயம் போவுது” என்று விளையாடுவார்கள். அபசகுனம் என்று தடுக்காதீர்கள். பயத்தைத் தன் கையளவுக்குச் சிறிதாக்கி அடக்கிப் பார்க்கும் முயற்சி அது. விளையாட்டில் யாராவது தப்பிக்கிறார்களா, ஓடிப்போய்ச் சேர இடம் இருக்கிறதா, நாளாக நாளாகக் கதை மாறுகிறதா என்று கொப்பியில் குறியுங்கள். மாறினால் நல்லது. கிழமைக் கணக்கில் அதே முடிவு, அதே முகவாட்டம், இரவில் திடுக்கிட்டு எழும்பல் என்று தொடர்ந்தால் உதவி தேட வேண்டும்.

எப்போது மிட்வைஃப் மிஸ்ஸியிடம் சொல்ல வேண்டும்

பிள்ளை தனக்குத் தானே எவ்வளவு பேசுகிறது என்பதை வைத்துக் கவலைப்படாதீர்கள். மற்றவர்களோடு பேசுகிறதா என்பதைப் பாருங்கள். விளையாட்டு முடிந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறது, வேண்டியதைக் கை நீட்டிக் காட்டுகிறது, உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறது என்றால், நாள் முழுவதும் தனியாகப் பேசினாலும் அது நலமாகவே இருக்கிறது. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத பிள்ளை, இரண்டரை வயதாகியும் வெறும் கோப்பையில் குடிப்பது போன்ற சின்னப் பாவனைகூடச் செய்யாத பிள்ளை, பேசிய சொற்களை இழந்துவிட்ட பிள்ளை, விளம்பரத்தில் கேட்ட வரியையே செய்யும் காரியத்தோடு தொடர்பில்லாமல் திரும்பத் திரும்பச் சொல்லி வேறு எதுவும் பேசாத பிள்ளை, யாரோ தன்னை ஏவுவதாகச் சொல்லி உண்மையாகவே நடுங்கும் பிள்ளை, இவர்களைப் பற்றித் தாமதிக்காமல் சொல்லுங்கள். பிள்ளை பிறந்தபோது கிடைத்த வளர்ச்சிப் புத்தகத்தோடு கிளினிக்குக்குப் போனால், அங்கிருந்து சுகாதார வைத்திய அதிகாரிக்கும், தேவையானால் பெரிய ஆஸ்பத்திரிக்கும் அனுப்புவார்கள். கொப்பியையும் கொண்டு போங்கள். ‘பிள்ளை சரியாகப் பேசவில்லை’ என்று வாயால் சொல்வதைவிட, பிள்ளை சொன்ன பத்து வரி வைத்தியருக்கு அதிகம் உதவும்.

கார்ட்டூன் வசனத்தை எடுத்துத் தன் கதைக்குள் சேர்த்துப் பேசும் பிள்ளை இதில் அடங்காது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டாளியை வைத்துக்கொண்டு அவனுக்கும் ரொட்டி கேட்கும் பிள்ளையும் அடங்காது. அப்படிப்பட்ட கூட்டாளி சிறுவயதில் மிகச் சாதாரணம், கேட்டுப் பார்த்தால் அவன் பொய் என்று பிள்ளையே சொல்லிவிடும்.

ஒரு வயதுவந்தவர் பிள்ளையின் உடலைத் தொட்டதை, காயப்படுத்தியதை, அந்த வயதுக்குத் தெரியக் கூடாத விபரத்தோடு பிள்ளை விளையாடிக் காட்டினால், அதட்டி விசாரிக்காதீர்கள், திரும்பத் திரும்பச் சொல்லச் செய்யாதீர்கள். கேட்டதை அப்படியே எழுதி வைத்து, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

படுக்கையிலும், முதலாம் ஆண்டிலும்

விளக்கை அணைத்த பிறகு பிள்ளை இருட்டில் பேசுவதைத் தூங்கவைக்கும் அவசரத்தில் அடக்கிவிடுகிறோம். ரூத் வியர் என்ற மொழியியலாளர், இரண்டரை வயதான தன் மகன் தூங்கும் முன் தொட்டிலில் தனியாகப் பேசியதை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து 1962 ஆம் ஆண்டு வெளியிட்டார். அந்தப் பிள்ளை அன்றைய சொற்களை மாற்றி மாற்றி அடுக்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தது. நம் வீடுகளில் பாட்டியின் பக்கத்தில் படுத்துக்கொண்டு, “பூன வந்திச்சு... கறுப்புப் பூன வந்திச்சு... கறுப்புப் பூன போச்சு...” என்று பிள்ளை சொல்வதும் அதுவே. பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். தானாகவே தூங்கும்.

முதலாம் ஆண்டுக்குப் போன பிள்ளை வகுப்பில் முணுமுணுத்துக்கொண்டே எழுதுகிறது என்று முறைப்பாடு வந்தால், மற்றப் பிள்ளைகளுக்குக் கேட்காத அளவுக்கு முணுமுணுக்க விடுங்கள் என்று ஆசிரியரிடம் பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வாயைக் கட்டிவிட்டால் கையும் தடுமாறும். வீட்டில் கொப்பி எழுதுவதை அந்த வருடமும் நிறுத்தாதீர்கள். பக்கங்களில் சொற்கள் குறையும், முழு வாக்கியம் இருந்த இடத்தில் “இல்ல... பெரிசு... இப்ப” என்று துண்டு துண்டாக வரும். பிறகு ஒருநாள் பிள்ளை கொய்யா மரத்தடியில் குந்தி, கல்லை அடுக்கி, கலைத்து, திரும்ப அடுக்கும். உங்களுக்கு ஒரு சொல்லும் கேட்காது. அன்றைய திகதியைப் போட்டு, ‘உதடு மட்டும் அசைந்தது’ என்று எழுதி வையுங்கள்.